காற்றுக் குழாயில் கிடைத்த சிவப்புத் துணி

இஞ்சின் மாமா, நீயே துணை.

அனுப்புநர்
சகுந்தலா, வயது 49,
காலஞ்சென்ற இஞ்சின் மிஸ்திரி ஏழுமலையின் மனைவி,
ரயில்வே லைன் ஓரம், டாக்குரியா,
கொல்கத்தா.

பெறுநர்
உயர்திரு ஸ்ரீனிவாசராகவன் ஐயா அவர்கள்,
செயற்பொறியாளர்,
கீழ்க்கால்வாய் தூர்வாரும் பிரிவு, இயந்திரப் பணிமனை,
கொல்கத்தா.

பொருள்: மூன்றாம் எண் செயின் டிராக்டரின் இஞ்சின் உடைந்ததற்கு என் கணவரின் கவனக்குறைவே காரணம் என்று எழுதியிருப்பதை நீக்கி, நடந்ததை நடந்தபடி எழுதக் கோரியும், பழைய இரும்புக்குப் போகும் முன் அந்த இஞ்சினை ஒரு தடவை திறந்து பார்க்கக் கோரியும்.

பார்வை: 10.11.2025 தேதியிட்ட விசாரணை அறிக்கை, பத்தி 6.

மதிப்புக்குரிய ஐயாவுக்கு, சகுந்தலா கைகூப்பி எழுதிக்கொள்வது.

மேலே சாமி பெயர் எழுதவேண்டிய இடத்தில் எழுதியிருப்பது என் வீட்டுக்காரரை நான் கூப்பிடும் பெயர். தாங்கள் தவறாக நினைக்க வேண்டாம். செப்டம்பர் எட்டாம் தேதிக்குப் பிறகு அந்த இடத்தில் வேறு பெயர் எழுதக் கை வரவில்லை.

நான் திண்டிவனம் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பெங்காலி பேசுவேன், எழுதத் தெரியாது. நியூ டவுனில் ஆபீஸ் வேலைக்குப் போகும் என் மகள் பூர்ணிமா இந்த மனுவை இங்கிலீஷில் டைப் செய்து தருகிறேன் என்றாள். அவள் எழுதினால் அம்மாவைக் காப்பாற்றித்தான் எழுதுவாள். அதனால் நானே எழுதுகிறேன். தாங்கள் தமிழ் வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தாங்கள் பொறுப்பேற்ற அன்று அவர் வீட்டுக்கு வந்து, "சகு, புது ஐயா நம்ம பாஷை. மூணு தலைமுறையா இங்கயே இருக்காங்களாம். வண்டி எப்படி இருக்குன்னு தமிழ்லயே கேட்டார்" என்று சொல்லி, ஆறிப்போன டீயைக் குறை சொல்லாமல் குடித்தார். பிழை இருந்தால் பொறுத்து வாசிக்கவும்.

1. மூன்றாம் எண் டிராக்டர் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மனு வேறு யார் கைக்காவது போனால் அவர்களுக்குப் புரிய வேண்டும் என்று எழுதுகிறேன். அது ரப்பர் சக்கரம் இல்லாமல் இரும்புச் செயினில் ஊர்ந்து போகிற பழைய வண்டி. கால்வாயில் அள்ளிக் கரையில் கொட்டுகிற சேற்றைத் தள்ளுவது அதன் வேலை. சக்கர வண்டி இறங்கினால் புதைகிற இடத்தில் இது புதையாது. போன மார்ச் மாதம் ஆயிலைக் குடித்துக் குடித்து நீலப் புகை விட்டு, ஒருநாள் கரையிலேயே நின்றுவிட்டது. இஞ்சினை எடுத்துப் போட்டுவிட்டு வேறு புது இஞ்சின் வைக்கலாம் என்று ஆபீஸில் ஒரு பேச்சு இருந்தது. என் கணவர்தான் வேண்டாம் என்றார். புதுசு வைத்தால் அடியில் தாங்குகிற இரும்பை வெட்ட வேண்டும், கியர் பெட்டியோடு பொருந்தாது, பிளாக் நல்லபடியாக இருக்கும்போது எதற்கு வெட்டுவது, இருப்பதையே இறக்கிப் பிரித்துச் சரிசெய்து தருகிறேன் என்றார். தாங்கள் எழுதிக் கொடு என்றீர்கள். எழுதிக் கொடுத்தார். முப்பத்தொரு வருஷ வேலையில் ஆபீஸ் அவரிடம் யோசனை கேட்டு வாங்கிய காகிதம் அது ஒன்றுதான். அன்று வரும் வழியில் அரைக் கிலோ மீன் வாங்கி வந்தார்.

2. ஏப்ரலில் இஞ்சினை இறக்கினார். சாப்பிடும்போதெல்லாம் அந்தப் பேச்சுதான். நான் டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்து டெய்லர் கடைக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறவள். ஊசியில் கண் வைத்துக்கொண்டே காதால் கேட்பேன். கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி தெரியும். ஆறு சிலிண்டருக்கும் புது லைனர், புது பிஸ்டன், புது ரிங் போட்டார். பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் தண்டை ஹவுராவில் ஒரு லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கினார். முதல் தடவை கடைந்தது முடி அளவு கூடப்போய்விட்டது என்று திரும்பக் கொண்டுபோய்ச் சண்டை போட்டார். அந்தக் கிராங்கைத் தாங்குகிற பேரிங் மூடி ஏழு இருக்கிறதாம். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை மாட்டினால் எல்லாம் கெட்டுப்போகும். அதனால் ஒன்றாவது மூடியில் ஒரு புள்ளி, இரண்டாவதில் இரண்டு புள்ளி என்று உளியால் குத்தி வைத்தார். "ஏழாவதுல என் பேரு இருக்கு, அதனால அதுல கொஞ்சம் ஓங்கிக் குத்திட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் புள்ளிகள் இன்றும் உள்ளே இருக்கின்றன ஐயா. யாரும் பார்க்கவில்லை.

3. இப்போது துணி விஷயம். இஞ்சின் பிரித்துக் கிடக்கும் காலத்தில், காற்று உள்ளே போகிற குழாயில் தூசியும் எலியும் போகாமல் துணி அடைத்து வைப்பது எல்லா மிஸ்திரியும் செய்வதுதான். மற்றவர்கள் கையில் கிடைத்த பஞ்சுக் கழிவை அடைப்பார்கள். இவர் அடைக்க மாட்டார். ஒரு நூல் உதிர்ந்து உள்ளே போனாலும் அது வால்வில் போய் உட்காரும் என்பார். கடையில் மிச்சம் விழும் சிவப்பு ஃபால்ஸ் துணியை நாலு பக்கமும் இரட்டை மடிப்பு மடித்து நான் தைத்துக் கொடுப்பேன். ஒரு முனையில் முழ நீளத்துக்கு ஒரு வால் வைத்துத் தைப்பேன். துணி குழாய்க்குள் ஆழத்தில் இருக்கும், வால் மட்டும் வெளியே தொங்கும். வால் தெரிந்தால் உள்ளே துணி இருக்கிறது, இஞ்சினைத் தொடாதே. வால் இல்லையென்றால் துணி எடுத்தாயிற்று. வண்டி ஓட்டுகிற தீபக்குக்கு இந்த முறை நன்றாகத் தெரியும். "தாதாவின் வண்டிக்கு மட்டும் பௌதி வால் வைப்பார்" என்று எங்களை அண்ணன் அண்ணி முறை வைத்துக் கேலிகூடச் செய்வான்.

4. செப்டம்பர் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாளைக்கு வண்டி கத்துமா என்று நான் கேட்டேன். அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன். "கத்தாது சகு. டேப்பெட் வைக்கணும், பம்ப் டைமிங் பார்க்கணும், எல்லாம் ஆனப்புறம் கடைசியா உன் துணியை உருவணும். இன்னும் நாலு நாள் வேலை இருக்கு. அவசரப்பட்டா அழ வெச்சிடும்." இதை அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

5. மறுநாள் திங்கட்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு டிராக்டர் செயின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். தீபக் தன் தோளில் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினான். நான் போய்ச் சேர்வதற்குள் துணி போர்த்திவிட்டார்கள். அவர் கை நிறைய கிரீஸ். நர்ஸ் ஸ்பிரிட் வைத்துத் துடைக்க வந்தாள். நான் வேண்டாம் என்றேன்.

6. பதினேழாம் தேதி பணிமனையில் இயந்திரங்களுக்குச் செய்யும் விஸ்வகர்மா பூஜை. தீட்டு கழியாததால் நான் போகவில்லை. அவருடைய போட்டோவைச் சாமி பக்கத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டார்கள் என்பதால் பூர்ணிமா கொண்டுபோனாள். மூன்றாம் எண் டிராக்டரைக் கழுவி, சந்தனம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். பூர்ணிமா போனில் படம் பிடித்து வந்தாள். அந்தப் படத்தில் மாலையைக் கட்டியிருப்பது குழாயிலிருந்து தொங்குகிற சிவப்பு வாலில். பூ கட்டிய ஸ்டோர்க்காரர்களுக்கு அது என்னவென்று தெரியாது. பூஜை நாளில் இஞ்சின்மேல் சிவப்புத் துணி இருந்தால் யாருக்கும் பூஜைத் துணியாகத்தான் தோன்றும். ஏழுமலை தாதாவின் மனைவி சாமிக்குச் சார்த்தக் கொடுத்தது என்று நினைத்து அதிலேயே மாலையை முடிந்திருக்கிறார்கள். பதினெட்டாம் தேதி சாமியைக் கரைக்கக் கொண்டுபோகும்போது மாலைகளை எல்லாம் கத்தரித்து எடுத்தார்கள். வாலும் மாலையோடு போய்விட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஸ்டோர் ரமேஷ்பாபு இதை என்னிடம் தானாகச் சொன்னார். "சாமிக்குப் போட்டது தரையில விழக்கூடாதுன்னு கூடையில வாங்கினேம்மா" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் வெட்டியிருக்கிறார்.

7. பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. மழை விடவில்லை, கால்வாய் நிறைந்து தெருவில் தண்ணீர் நிற்கிறது, வண்டியைக் கிளப்புங்கள் என்று உத்தரவு வந்திருக்கிறது. அவர் சாய்ந்த நாளிலிருந்து அந்த வண்டிப் பக்கமே போகாத தீபக் அன்று குழாயைப் பார்த்தான். வால் இல்லை. சரி, தாதா எடுத்துவிட்டார் என்று ஏர் கிளீனரை மாட்டினான். ஆயில் ஊற்றினான். ஸ்டார்ட் செய்தான். ஒரே தடவையில் இஞ்சின் பிடித்ததாம். நல்ல சத்தமாம், கண் கலங்கிவிட்டது பௌதி என்றான். ஒரு நிமிஷம் ஓடியிருக்கும். துணியை உள்ளே இழுத்து, வால்வு மூட முடியாமல் பிஸ்டனில் அடித்து, நான்காவது சிலிண்டர் உடைந்து நின்றது.

8. நவம்பரில் அறிக்கை வந்தது. பூர்ணிமா அதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆறாவது பத்தியில் நிறுத்தி, "இது ஒண்ணும் இல்லம்மா, சும்மா ஆபீஸ் லாங்வேஜ்" என்று பக்கத்தைத் திருப்பினாள். நான் விடவில்லை. மிஸ்திரி ஏழுமலை காற்றுக் குழாயில் அந்நியப் பொருளைக் கவனக்குறைவாக விட்டுச் சென்றதால் சேதம் ஏற்பட்டது, இஞ்சினைப் புதுப்பிக்கலாம் என்று அவர் சொன்ன யோசனையும் தவறானது, இஞ்சினைப் பழைய இரும்பாகக் கழித்துவிட்டுப் புது இஞ்சின் பொருத்தலாம் என்று இருந்தது. அந்நியப் பொருள் என்று எழுதியிருக்கிறார்கள் ஐயா. அது நான் தைத்தது.

அவருடைய டிபன் பாக்ஸும் சட்டையும் வாங்க அக்டோபரில் ஸ்டோருக்கு வந்தபோது, பிளாஸ்டிக் பையில் அந்தத் துணியைப் பார்த்தேன். ஒரு துண்டு கருகிப்போயிருந்தது. இன்னொரு துண்டு நன்றாக இருக்கிறது. அதில் மூன்று பக்கம் என் மடிப்புத் தையல் இருக்கிறது. வால் தொடங்குகிற நான்காவது பக்கத்தில் தையல் இல்லை, நேராகக் கத்தரிக்கோல் போட்ட வெட்டு இருக்கிறது. நான் அப்படி வெட்டிவிட்டுத் தைக்காமல் கொடுத்ததே கிடையாது. கத்தரித்த துணி என்றால் வால் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். அவர் மறந்து விட்டுப்போகவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி வைத்துவிட்டுத்தான் போனார்.

9. இதற்குமேல் எழுதப்போவதை நான் ஐந்தாவதுக்கு அடுத்து எழுதியிருக்க வேண்டும். அங்கே எழுத முடியவில்லை. இனிமேல் தள்ளிப்போட இடம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பூஜைக்கு முந்தின நாள், பதினாறாம் தேதி சாயங்காலம், போட்டோ கேட்டுத் தீபக் எங்கள் வீட்டுக்கு வந்தான். வீடு நிறைய உறவுக்காரர்கள் இருந்தார்கள். கரக்பூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் விஜயலட்சுமி அவனைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். "எங்கண்ணன் எதையும் பாதியில விட்ட ஆளே இல்ல. கடைசியில இதைப் பாதியில போட்டுட்டுப் போயிடுச்சே" என்றாள். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பாதியில போயிட்டாரு, அரை வேலையில போயிட்டாரு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை ஐயா. அவர் போனதைக்கூடக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரைகுறை என்ற சொல்லை அவருக்குச் சொன்னதைக் கேட்க முடியவில்லை.

அப்போது தீபக் என்னிடம் மெதுவாகக் கேட்டான். "பௌதி, தாதா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? வேலை முடிஞ்சுதா, பாக்கி ஏதாவது இருக்கா?"

நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "முடிச்சிட்டார். ஒண்ணும் பாக்கி இல்ல. ஸ்டார்ட் பண்ண வேண்டியதுதான்" என்றேன்.

நாலு நாள் வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். துணி உள்ளே இருக்கிறது என்று தெரியும். தெரிந்தே சொன்னேன். அவர் எதையும் பாதியில் விட்டுப்போகவில்லை என்று அத்தனை பேர் முன்னால் ஒரு தடவை சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவர்கள் போனபிறகு தீபக்குக்கு ஒரு போன் செய்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், காரியம் முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். வேறு மிஸ்திரி வந்து பார்த்துத்தானே கிளப்புவார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன். நான் முடிந்துவிட்டது என்று சொன்னதால்தான் வேறு மிஸ்திரியைக் கூப்பிடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

10. விசாரணையில் தீபக்கிடம், வேலை முடிந்ததாக உனக்கு யார் சொன்னது என்று கேட்டிருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, பார்த்தால் முடிந்தமாதிரி இருந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அறிக்கையைக் கேட்ட மறுநாள் அவனை வீட்டுக்கு வரவழைத்து ஏனடா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "உங்க பேரை எப்படிச் சொல்வேன் பௌதி? தாலி இறங்காத வீட்டில வந்து நான் கேட்டது தப்பு. தாதா போயிட்டார், இனிமே அவரை யார் என்ன செய்ய முடியும்?" என்றான். அவருக்கு இனிமேல் அந்தப் பேர் ஒன்றுதானே இருக்கிறது என்றேன். அவன் என்னைக் காப்பாற்ற நினைத்தான். நான் அவரைக் காப்பாற்ற நினைத்தேன். கடைசியில் பழி, வாய் திறந்து ஒரு சொல் சொல்ல முடியாதவர்மேல் போய் விழுந்தது.

11. ஆகவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து கீழ்க்கண்டவற்றைச் செய்து தர வேண்டுகிறேன்.

(அ) ஆறாவது பத்தியில் என் கணவரின் கவனக்குறைவு என்று இருக்கும் வரியை நீக்க வேண்டும். அந்த இடத்தில், வேலை முடிந்துவிட்டதாக மிஸ்திரியின் மனைவி சகுந்தலா பொய் சொன்னார் என்று எழுத வேண்டும். எந்த இடத்தில் வந்து கையெழுத்துப் போடச் சொன்னாலும் வந்து போடுகிறேன்.

(ஆ) டிசம்பர் ஐந்தாம் தேதி இஞ்சினைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்கிறார்கள். அதற்கு முன்னால் வெளியிலிருந்து ஒரு நல்ல மிஸ்திரியை வரவழைத்து, உடையாத மற்ற ஐந்து சிலிண்டரையும், கிராங்கையும், ஏழு மூடியையும் திறந்து பார்க்க வேண்டும். அவர் செய்த வேலை சரியா தவறா என்று அந்த மிஸ்திரி என்ன சொல்கிறாரோ அதையே எழுதிவிடுங்கள். தவறு என்றாலும் எழுதுங்கள். ஆனால் பார்க்காமல் எழுத வேண்டாம்.

(இ) வண்டிக்குப் புது இஞ்சின் வைப்பதா, இதையே மறுபடி சரிசெய்வதா என்பது தங்கள் முடிவு. அதில் நான் பேச வரவில்லை. அவர் எழுதிக் கொடுத்த அந்தக் காகிதத்தை மட்டும் ஃபைலிலிருந்து எடுத்து எறிந்துவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

(ஈ) தீபக்கையும் ரமேஷ்பாபுவையும் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒருவன் என் சொல்லை நம்பினான். இன்னொருவர் சாமியை நம்பினார்.

நான் எனக்காக எதுவும் கேட்கவில்லை. வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது, யாரும் குறை வைக்கவில்லை. இந்த மனுவைப் படித்துவிட்டு என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் தலை வணங்குகிறேன். துணித் துண்டை மட்டும் விசாரணை முடிந்ததும் தூக்கிப் போடாமல் என்னிடம் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

இணைப்பு: பூஜை அன்று எடுத்த போட்டோ ஒன்று (மாலை கட்டிய வால் தெரியும்படி). அதே அளவில் இப்போது நான் தைத்த சிவப்புத் துணி ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க.

நல்ல முடிவை எதிர்பார்த்துக் காத்திருக்கும்,
சகுந்தலா
(கையெழுத்து)

இடம்: டாக்குரியா, கொல்கத்தா
நாள்: 24.11.2025, திங்கள்

மாமா, கையெழுத்துப் போட்டுட்டேன். பூர்ணிமா வேண்டாம் வேண்டாம்னு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கா. கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா?